கதவில் ஒட்டாத சம்மன்

எனக்கு டீயில சர்க்கரை வேணாம் மேடம், அரை கிளாஸ் போதும். நிறைய டீ குடிச்சா விரல் நடுங்கும்னு டைப்பிங் இன்ஸ்டிட்யூட் டீச்சர் சொல்வாங்க. இருபத்திமூணு வருஷமா பதினோரு மணிக்கு அரை கிளாஸ், நாலு மணிக்கு அரை கிளாஸ், அவ்வளவுதான் நான் குடிக்கிறது.

நான் சொல்லச் சொல்ல உங்க ஏட்டு எழுதுவார்னு சொன்னீங்க. அவருக்கு எதுக்குக் கஷ்டம்? அந்த டைப்பிங் மெஷினை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லுங்க, நானே அடிச்சுத் தரேன். மூணு காப்பி வேணும்னா கார்பன் வெச்சுக்கலாம். போலீஸ்கிட்ட குடுக்குற ஒப்புதல் கோர்ட்டுல நிக்காதுன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால மாஜிஸ்ட்ரேட் முன்னாடியும் இதையே ஒரு வார்த்தை மாறாம சொல்றேன். பயப்படாதீங்க, நான் பேச்சு மாத்துற ஆளு இல்ல.

பேரு சின்னப்பொண்ணு. வயசு நாப்பத்தொண்ணு. ஊரு ஆரம்பாக்கம். கல்யாணம் ஆகல. கோர்ட்டு வாசல்ல புங்கமரத்தடியில ஜாப் டைப்பிங். எந்தக் கோர்ட்டுன்னு இதுல எழுதல. உள்ள இருக்குறவங்க ஒருத்தரும் இதுல ஒரு தப்பும் பண்ணல. பேர் எழுதினா அவங்களையும் நாலு பேரு ஒரு மாதிரி பாப்பாங்க.

என் வேலை இன்னான்னு உங்களுக்குத் தெரியணும், இல்லன்னா மீதி புரியாது. வக்கீலுங்க கையால கிறுக்கிக் குடுப்பாங்க, நான் மனுவா அடிச்சுக் குடுப்பேன். முக்காவாசி வக்கீலுங்க படிக்காமலே கையெழுத்துப் போடுவாங்க. "சின்னப்பொண்ணு அடிச்சதா, அப்போ சரியாத்தான் இருக்கும்"னு ஒரு பேச்சு கோர்ட்டுல உண்டு. அந்தப் பேச்சு வாங்க எனக்குப் பத்து வருஷம் ஆச்சு. அதோட இன்னொரு வேலை, தேடிப் பாக்குறது. தொழிலுக்கு பேங்க்ல லோன் கேக்கப் போறவன் மேல கோர்ட்டுல எதுனா தீர்ப்பு இருக்கான்னு பேங்க் வக்கீல் எப்படியும் பாப்பாரு. இருந்துச்சுன்னா ஃபாரம் திரும்பி வந்துரும். விவரமான ஆளுங்க ஃபாரம் குடுக்குறதுக்கு முன்னாடி அவங்களே எங்கிட்ட வந்து, "அக்கா, என் பேர்ல எதுனா கீதான்னு பாத்துச் சொல்லு"ம்பாங்க. நான் வக்கீல் துளசிராமன் சார்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிக்கினு உள்ள போயி ரிஜிஸ்டரைப் புரட்டிப் பாத்துச் சொல்வேன்.

நமக்கே தெரியாம நம்ம பேர்ல எப்படித் தீர்ப்பு இருக்கும்னு கேப்பீங்க. இருக்கும் மேடம். பழவேற்காட்டுல கருவாடு யாவாரம் பண்ற அஸ்கர் அலி பாய்னு ஒருத்தரு. ஐஸ் ஃபேக்டரி போடணும்னு லோனுக்கு அலைஞ்சாரு. தேடிப் பாத்தா அவர் பேர்ல ரெண்டு வருஷம் முன்னாடியே தீர்ப்பு. சம்மன் போனப்ப பாய் நெல்லூர்ல இருந்திருக்காரு. வீடு பூட்டி இருந்ததால கதவுல ஒட்டிட்டு வந்துட்டாங்க. மழையில காகிதம் போச்சு. கோர்ட்டுல மூணு தடவ பேரைக் கூப்பிட்டாங்க, ஆளு வரல, எதிராளி சொன்னபடியே தீர்ப்பு ஆயிருச்சு. எக்ஸ்பார்ட்டின்னு சொல்வோம். பாய் புங்கமரத்தடியில அப்படியே குந்திட்டாரு. நான்தான் தண்ணி குடுத்தேன். ஒரு தாள் ஒரு ஆளை எப்படி உக்கார வெக்குதுன்னு அன்னிக்குத்தான் பாத்தேன். அதை நான் மறக்கல.

இப்ப என் தம்பி மோசஸ். அம்மா சாகும்போது அவனுக்கு ரெண்டு வயசு, எனக்குப் பதினாலு. அப்பா அடுத்தவங்க கழனியில வேலை செஞ்சாரு, குடிச்சாரு, செத்தாரு, அவரைப் பத்தி வேற ஒண்ணும் இல்ல. மோசஸ் எங்கிட்டதான் வளந்தான். பத்தாவது முடிச்சான், ஐடிஐ படிச்சான், கும்மிடிப்பூண்டியில ஒரு கம்பெனியில லேத் ஆபரேட்டரா போனான். முதல் சம்பளத்துல எனக்கு ஒரு சுழல் நாற்காலி வாங்கி வந்தான். மரத்தடியில சுழல் நாற்காலி போட்டுக்கினு குந்துன ஒரே டைப்பிஸ்ட் நான்தான். எல்லாரும் என்னை ஜட்ஜம்மான்னு கேலி பண்ணுவாங்க. எனக்கு அது பிடிச்சுது.

எனக்குக் கல்யாணம் ஏன் ஆகலன்னு உங்க ஏட்டு கேட்டாரு. ரெண்டு இடம் வந்துச்சு. ரெண்டு பேருமே தம்பியை ஹாஸ்டல்ல சேத்துடலாம்னாங்க. போங்கடான்னு விட்டுட்டேன். அதுல எனக்கு வருத்தம் இல்ல. ஏன் இதைச் சொல்றேன்னா, நான் எதையும் யார்கிட்டயும் புடுங்கித் தின்ன ஆளு இல்லன்னு நீங்க தெரிஞ்சுக்கணும்.

ஸ்டீவன் அதே கம்பெனியில மோசஸ் பக்கத்து மெஷின். வீடு எங்க தெருவுலயே. ரெண்டு பேரும் ஒரே சைக்கிள், அப்புறம் ஒரே பைக். ஸ்டீவன் எங்க வீட்டுக்குள்ள வந்தா நேரா அடுப்படிக்குப் போயி சட்டி மூடியைத் தொறந்து பாப்பான். "இன்னாக்கா, இன்னிக்கும் கத்திரிக்காயா"ம்பான், ஆனா அவன்தான் ரெண்டாவது தடவ கேட்டு வாங்கித் தின்னுவான். அவனும் என்னை அக்கான்னுதான் கூப்புடுவான். எனக்கு அவனைப் பிடிக்கும். இதை நல்லா எழுதிக்கங்க, அதாவது நானே எழுதிக்கிறேன். எனக்கு ஸ்டீவனைப் பிடிக்கும்.

மோசஸ் திருநின்றவூர்ப் பொண்ணு பிரின்சியைக் கட்டுனான். நல்ல பொண்ணு. குறை சொல்ல ஒண்ணும் இல்ல. என்னை அண்ணி அண்ணின்னு மரியாதையா கூப்புடும். கல்யாணம் ஆகி மூணாவது வருஷம், 2007 ஜூன் மாசம், மோசஸ் சாப்பிட்டுக்கினே ஒரு விஷயம் சொன்னான். அவனும் ஸ்டீவனும் சேந்து சொந்தமா லேத் ஒர்க்‌ஷாப் போடப் போறாங்க. திருநின்றவூர்ல பிரின்சியோட மாமா ஒரு ஷெட் வாடகைக்குத் தராரு. லோன் கெடச்சதும் குடித்தனமே அங்க மாறிடலாம்னு இருக்காங்க. யோசனை ஸ்டீவனோடது. பிரின்சி எனக்குச் சோறு போட்டுக்கினே, "நீங்களும் வந்துடுங்க அண்ணி, உங்க மெஷினை வெக்க முன்ரூம் இருக்கு"ன்னுச்சு. மரியாதைக்குச் சொல்றதுன்னு ஒண்ணு இருக்கு இல்லையா மேடம். வந்து ஒக்காந்த இடத்துல எத்தனை நாளைக்கு மரியாதை இருக்கும்?

நல்லதுப்பான்னேன். அப்புறம் மோசஸ் சொன்னான்:

"பேங்க் மேனேஜர் இன்னா சொல்றாருன்னாக்கா, உன் பேர்ல கோர்ட்டுல எதுனா தீர்ப்பு கீதான்னு மொதல்ல பாத்துக்கினு வா, அப்பால ஃபாரம் குடுன்றாரு. நீதான் அங்க கீறியே, எனக்கு இன்னா பயம்."

மறுநாள் நான் உள்ள போயித் தேடினேன். ஒழுங்காத் தேடினேன். அஞ்சு வருஷ ரிஜிஸ்டர், ஒவ்வொரு பக்கமும் விரல் வெச்சுப் பாத்தேன். மோசஸ் பேர்ல ஒண்ணும் இல்ல. ஸ்டீவன் பேர்லயும் ஒண்ணும் இல்ல. ரெண்டு பேரும் பச்சப்புள்ளைங்க மாதிரி சுத்தமா இருந்தாங்க. ரிஜிஸ்டரை மூடுனேன். ஒண்ணுமில்லன்னு நான் ஒரு வார்த்தை சொன்னா போதும், மோசஸ் போயிடுவான். அவனைப் போகச் சொல்ற வார்த்தையை என் வாயாலயே கேக்குறான். இதை யாராவது யோசிச்சாங்களா?

நான் நினைச்சது இவ்வளவுதான். ஒரு மூணு மாசம் தள்ளிப் போகட்டும். ஷெட்டை வேற யாருக்காவது விட்டுடுவாங்க. புள்ள குட்டின்னு ஆனா தன்னால அடங்கிடுவான். சொந்தத் தொழில் போட்டு நொடிச்சுப் போனவங்க எத்தனை பேருக்கு நான் மனு அடிச்சிருக்கேன். அக்கா ஸ்தானத்துல இருந்து அவனைத் தடுக்கணும்னு எனக்குப் பட்டுச்சு.

அன்னிக்கு மத்தியானம் மரத்தடியில யாரும் இல்லாத நேரம் ஒரு தீர்ப்பு அடிச்சேன். ஒன்றரைப் பக்கம். எனக்கு அதுக்கு எதையும் பாக்கத் தேவை இல்ல, எத்தனையோ ஆயிரம் அடிச்ச கை. சீல் கிடையாது, கோர்ட்டு முத்திரை கிடையாது, கையெழுத்து கிடையாது. வெறும் டைப் காப்பி. நான் எந்த முத்திரையையும் திருடல, போலி பண்ணல, இதை நீங்க தனியா குறிச்சுக்கணும். என் தம்பி சீல் எங்கன்னு கேக்க மாட்டான்னு எனக்குத் தெரியும்.

தீர்ப்புன்னா அதுல வாதின்னு ஒருத்தன் வேணும். ஒரு ஃபைனான்ஸ்காரன் பேரை நானே வெச்சேன். ஒரு வழக்கு நம்பர் வேணும், மனசுல வந்ததை அடிச்சேன். கடன் எதுக்குன்னு ஒரு காரணம் வேணும். கும்மிடிப்பூண்டி கம்பெனிங்கள்ல ஒரு வழக்கம். தொழிலாளர் கூட்டுறவு சொசைட்டியில ஒருத்தன் லோன் போட்டா பக்கத்து மெஷின்காரன் ஜாமீன் கையெழுத்துப் போடணும். இன்னிக்கு நீ எனக்கு, நாளைக்கு நான் உனக்கு. கேன்டீன்ல சோறு தின்னுக்கினே போடுவாங்க, ஒருத்தனும் படிக்க மாட்டான். படிச்சா நம்பலன்னு அர்த்தம் ஆயிடும். தங்கச்சி கல்யாணத்துக்கு ஸ்டீவன் சொசைட்டி லோன் போட்டப்ப மோசஸ் அப்படி ஏழெட்டுத் தாள்ல கையெழுத்துப் போட்டிருந்தான். அதனால ஸ்டீவன் ஃபைனான்ஸ்ல கடன் வாங்கி ஏமாத்திட்டான்னும், மோசஸ் அவனுக்கு ஜாமீன்னும் அடிச்சேன். அந்த நேரம் வாயில வந்த பேரு அது.

சம்மன் எப்படிப் போச்சுன்னு எழுதணும். கதவுல ஒட்டப்பட்டதுன்னு அடிச்சேன். அதுக்கு வீடு பூட்டி இருந்த நாளு வேணும். அதுக்கு முந்தின வருஷம் செப்டம்பர்ல வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு எங்க தெருவே வேன் எடுத்துக்கினு போனோம், அஞ்சு நாளு யாரும் ஊர்ல இல்ல. அந்தத் தேதியைப் போட்டேன். வேன் ஏற்பாடு பண்ணது ஸ்டீவன். அது எனக்கு அப்ப ஞாபகம் இல்ல.

சாயங்காலம் மோசஸ்கிட்ட தாளைக் குடுத்தேன். "இதோட பேங்க் பக்கம் போயிடாதப்பா. ஒரு தடவ திருப்பி அனுப்பிட்டா அப்புறம் எந்த பேங்க்லயும் கிட்ட சேக்க மாட்டாங்க. பொறுமையா இதை ரத்து பண்ண மனு போடலாம்"னேன். அவன் படிச்சான். திரும்பவும் படிச்சான். அஸ்கர் அலி பாய் குந்துன மாதிரியே வாசப்படியில குந்திட்டான். நான் தண்ணி குடுத்தேன்.

தண்ணியைக் குடிச்சுட்டு, "அக்கா, அந்த வாரம் நாம வேளாங்கண்ணியில இருந்தோம். வா வான்னு எல்லாரையும் வேன்ல ஏத்துனதே அவன்தான்கா"ன்னான்.

அவன் மூஞ்சியை நான் பாக்கல. அடுப்புல பால் வெச்சிருந்தேன், அதை எறக்கப் போனேன்.

அதுக்கப்புறம் மோசஸ் ஸ்டீவன்கிட்ட பேசல. ஒரு வார்த்தை கேக்கல. எங்க ஆளுங்க அப்படித்தான், கூட்டாளிகிட்ட "நீ ஏமாத்துனியா"ன்னு வாய் விட்டுக் கேக்குறது செத்துப் போறதுக்குச் சமம். பைக்கை விட்டுட்டு ட்ரெயின்ல போனான். ஷிஃப்டு மாத்திக்கினான். ராவும் பகலும் சரியாச் சாப்புடல. பிரின்சி அப்ப ரெண்டு மாசம் முழுகாம இருந்துச்சு, வாந்தியும் அதுவுமா அதுவும் சாப்புடல. நான் ரெண்டு பேருக்கும் கஞ்சி வெச்சுக் குடுத்தேன். திருநின்றவூர்ப் பேச்சு நின்னுபோச்சு. வீடு அமைதியா இருந்துச்சு. உண்மையைச் சொல்லணும்னா, அந்த மூணு வாரம் நான் நல்லாத் தூங்குனேன்.

அப்புறம் ஒரு நாள் ஸ்டீவன் கோர்ட்டுக்கு வந்தான். யாரோ சொல்லி விஷயம் தெரிஞ்சிருக்கு. கம்பெனிக்கு லீவு போட்டுட்டு வந்திருந்தான். என் முன்னாடி ஸ்டூல்ல குந்திக்கினு சட்டைப் பையிலேர்ந்து ஒரு தாளை எடுத்தான். சொசைட்டியில கடன் பாக்கி இல்லன்னு குடுத்த தாளு.

"பாருக்கா, எப்பவோ அடைச்சுட்டேன். ஃபைனான்ஸ்ல நான் ஒரு பைசா வாங்கல, மாதா மேல சத்தியம். எவனோ என் பேரைப் போட்டு வேலை காட்டிக்கிறான். மோசஸு மூஞ்சி குடுத்துப் பேச மாட்றான்கா. எனக்குச் சோறு எறங்கல."

அந்த இடத்துல நான் சொல்லியிருக்கலாம். சொல்லாததுக்குக் காரணம் கேக்குறீங்க. சொன்னா மோசஸ் எங்கிட்ட பேசுறதை நிறுத்திடுவான். ஸ்டீவனுக்கு அம்மா இருக்காங்க, தங்கச்சி இருக்கு, மோசஸ் பேசலன்னா அவனுக்கு ஒரு ஆள்தான் குறையும். எனக்கு இருக்குறதே ஒரு ஆளு. கணக்குப் போட்டுப் பாருங்க, யாரு பொறுத்துக்கணும்?

"ரெக்கார்டுல இன்னா கீதோ அதைத்தான் நான் சொல்ல முடியும், ஸ்டீவா"ன்னேன்.

அவன் கோவப்படல. சரிக்கா, அப்போ நானே உள்ள போயிப் பாக்குறேன், நம்பர் குடுன்னான். வெளியாளு பாக்க முடியாது, மனு போட்டு நகல் வாங்கணும், ஒரு வாரம் பத்து நாளு ஆகும்னேன். அப்போ மனு போட்டுக் குடுக்கான்னான். அவன் கண்ணு முன்னாடியே மனு அடிச்சேன். கையெழுத்துப் போட்டான். படிக்கல. ஸ்டாம்பு வாங்கி ஒட்டுனான். என் டிபன் பாக்ஸ்ல மீதி இருந்த புளிசோத்தைத் தின்னுட்டு, டப்பாவைக் கழுவி வெச்சுட்டு, "நீ கீறே, அதுவரைக்கும் கவலை இல்ல"ன்னு சொல்லிட்டுப் போனான். அந்த மனுவை நான் உள்ள குடுக்கல. மேசை டிராயர்ல இருக்கு. சாவி என் பையில இருக்கு, ஆளை அனுப்பி எடுத்துக்கங்க.

அன்னிக்குச் சாயங்காலம் மோசஸ் கேட்டான், ஸ்டீவன் கோர்ட்டுக்கு வந்தானாமேன்னு. வந்தான்னேன். இன்னா சொன்னான்னான். நான் ஒரு நிமிஷம் யோசிச்சேன். "நம்பர் கேட்டான். பயந்துக்கினு இருந்தான்"னேன்.

ஸ்டீவன் பயப்படல மேடம். நான் அப்படிச் சொன்னதை உங்ககிட்ட யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க, எனக்கும் மோசஸுக்கும் மட்டும்தான் தெரியும். அந்த ஒரு வார்த்தைதான் நான் சொன்னதுலயே பெரிய பொய்யி. தீர்ப்பாவது தாள்ல இருந்துச்சு, கிழிச்சுப் போட்டிருக்கலாம்.

ஆறாவது நாள், ஜூலை மாசம், மத்தியானம் ரெண்டு மணிக்கு ஷிஃப்டு விடும்போது கம்பெனி கேட்டாண்ட ஸ்டீவன் மோசஸை மறிச்சிருக்கான். தோள்ல கை போட்டிருக்கான். பாத்தவங்க சாட்சி சொன்னதை நானே கோர்ட்டுல குந்திக் கேட்டேன். ஸ்டீவன் சிரிச்சுக்கினேதான் பேசியிருக்கான். "இன்னும் ரெண்டு நாளு பொறுடா. அக்காதான் மனு போட்டுக் கீது. தாளு வந்துடும், அப்புறம் நீயே எங்காலுல வுழுவ"ன்னு சொல்லியிருக்கான். பயந்தவன்னு கேட்டுட்டு வந்தவனுக்கு அந்தச் சிரிப்பு எப்படி இருந்திருக்கும்? மோசஸ் கையில டூல் பை இருந்துச்சு. உள்ள ஸ்பேனர் இருந்துச்சு. ஒரே அடி. ரெண்டாவது அடி இல்ல. எப்பவும் கலகலன்னு இருந்தவன், ஸ்டீவன், ஆஸ்பத்திரிக்குப் போற வழியில ஆம்புலன்ஸ்லயே போயிட்டான். மோசஸ் கேட்டாண்டயே குந்திக்கினு இருந்தானாம், போலீஸ் வர்ற வரைக்கும்.

ஸ்டீவன் அம்மா அஞ்சம்மாள். சாவுக்கு நான் போனேன். எல்லாரும் போகாதன்னாங்க, நான் போனேன். அந்தம்மா என்னை அடிக்கும்னு நெனச்சேன். அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். என் கழுத்தைக் கட்டிக்கினு, "எனக்குப் புள்ள போச்சு, உனக்கும் ஆரும் இல்லாம போயிட்டாங்களேடி"ன்னு அழுதுச்சு. நானும் அழுதேன். நடிப்பு இல்ல மேடம். இப்பக்கூட கத்திரிக்காய் வாங்குனா கை நிக்குது. நான் கல்லு இல்ல.

பிரின்சி அம்மா வீட்டுக்குத் திருநின்றவூர் போயிடுச்சு. பொண்ணு பொறந்துச்சாம், நான் இன்னும் பாக்கல. மோசஸை முதல்ல வேற எங்கியோ வெச்சிருந்தாங்க, அப்புறம் புழல் ஜெயிலுக்கு மாத்துனாங்க. வாரம் தவறாம நான் மனு போட்டுப் பாப்பேன். பிஸ்கட்டு, பழம், சோப்பு. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கினு, "நீ மட்டும்தான்கா எனக்கு"ம்பான். இதை ஒவ்வொரு வாரமும் சொல்வான்.

வழக்கு துளசிராமன் சார்தான் நடத்துறாரு. என் முகத்துக்காகக் காசு வாங்கல. அவர் சொன்னாரு, அந்தத் தீர்ப்பை எடுத்து வெச்சா, கூட்டாளி ஏமாத்திட்டான்ற கோவத்துல திடீர்னு நடந்ததுன்னு காட்டலாம், தண்டனை பாதியா குறையும், ரெக்கார்டு ரூம்ல மூல வழக்குக் கட்டைத் தேடி நகல் எடுத்துக்கினு வா சின்னப்பொண்ணுன்னு. தேடிப் பாக்குற வேலை மறுபடி எங்கிட்டதான் வந்துச்சு. கட்டு கெடைக்கலன்னேன். மழையில நனைஞ்ச கட்டுல இருக்கும்போலன்னேன். இப்படி ஒரு வருஷம் ஓட்டுனேன். போன வாரம் அவரே ரெக்கார்டு ரூமுக்குள்ள போயிட்டாரு. அந்த நம்பர்ல இருக்குறது ஏதோ வாடகை வீட்டைக் காலி பண்ற வழக்கு.

வெளிய வந்து என் மெஷின் முன்னாடி நின்னாரு. "இது நீ அடிச்சதாம்மா?"ன்னாரு. ஆமா சார்னேன். இருபத்திமூணு வருஷத்துல அவர் என் ஸ்டூல்ல குந்துனதே இல்ல. அன்னிக்குக் குந்திட்டாரு.

அவர் கையிலதான் மோசஸோட லோன் ஃபாரம் இருந்துச்சு. வழக்குக்காக பிரின்சி எடுத்துக் குடுத்தது. பாதி நிரப்புனது. தொழில் பேருன்ற இடத்துல மோசஸ் கையெழுத்துல 'சின்னப்பொண்ணு இன்ஜினியரிங் ஒர்க்ஸ்'னு இருந்துச்சு. சார் அதை எங்கிட்ட நீட்டுனாரு. நான் படிச்சேன். பேரு மட்டும் போர்டுல இருந்தா போதுமா மேடம், ஆளு பக்கத்துல இருக்க வேணாமா?

நீங்க ஒரு கேள்வி கேட்டீங்க, மாதாகோயிலுக்குப் போற பொம்பளை, ஃபாதர்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேன்னு. மாசாமாசம் பாவசங்கீர்த்தனம் பண்றேன். கோவப்பட்டது, பொறணி பேசுனது எல்லாம் சொல்வேன். இது பாவம்னு எனக்கு ஞாபகமே வரல.

சரி, சுத்தி வளைக்கல. கீழ எழுதுறதை நான் சுயநினைவோட, யாரும் மிரட்டாம எழுதுறேன். அந்தத் தீர்ப்பு பொய். அடிச்சது நான். ஸ்டீவன் பேரு வாயில வந்ததுன்னு மேல எழுதியிருக்கேன், அது சரி இல்ல. யோசிச்சுத்தான் போட்டேன். தம்பியைக் கூட்டிக்கினு போகப் பாத்தவன் அவன். வேன் ஏற்பாடு பண்ணது அவன்னு ஞாபகம் இல்லன்னு எழுதியிருக்கேன், அதுவும் சரி இல்ல. பயந்துக்கினு இருந்தான்னு சொன்னது, மோசஸ் இனிமே அவன்கூடச் சேரவே கூடாதுன்னுதான். ஸ்டீவன் சாவான்னு நினைக்கல. ஆனா ஒரு வருஷம் நான் வாயைத் தொறக்காததுக்கு மட்டும் எந்தக் காரணமும் சொல்ல முடியல. சொல்லியிருந்தா, அவனை ஏமாத்துனது நான்னு தெரிஞ்சு தம்பிக்குத் தண்டனை குறையும், சீக்கிரம் வெளிய வருவான். வந்தா எங்க போவான்? பொண்ணு இருக்குற இடத்துக்கு, திருநின்றவூருக்குத்தான் போவான்.

இதை அவனுக்குப் படிச்சுக் காட்டாம இருக்க முடியாதான்னு துளசிராமன் சாரைக் கேட்டேன். முடியாதுன்னுட்டாரு. பரவாயில்ல. கோவப்படுவான். வளத்தவ மேல எத்தனை நாளைக்குக் கோவம் இருக்கும்?

உங்க ஏட்டுகிட்ட ஒண்ணு விசாரிச்சேன், தப்பா நினைக்காதீங்க. என்னை எங்க அனுப்புவாங்கன்னு கேட்டேன். பொம்பளைங்களுக்கும் புழல்தான்னாரு. அவன் இருக்குற இடத்துக்கும் அதுக்கும் நடுவுல ஒரு சுவருதானாமே.